கம்ப்யூட்டர் "முடியாது" என்று சொன்னால்



சில வருடங்களாகவே நம் குழுக்களில் ஒரு மாற்றம் நடந்து வருகிறது. தீர்மான நோட்டும் பேரேடும் கையால் எழுதுவதோடு, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் கணக்கை ஏற்றி வைக்கிறார்கள். யாருடைய சேமிப்பு எவ்வளவு, உள்கடனில் அசல் எவ்வளவு நிற்கிறது, இந்த மாத வட்டி எவ்வளவு என்று கேட்டால் உடனே எடுத்துச் சொல்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

இந்தக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் நமக்காக வாங்கியவை அல்ல. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மகளோ மகனோ பள்ளியில் வாங்கியதாக இருக்கும். இல்லையென்றால் பிள்ளை படிப்புக்காக டவுனில் செகண்ட் ஹேண்டில் எடுத்ததாக இருக்கும். பிள்ளை வேலைக்குப் போன பிறகு மெஷின் அம்மாவிடம் தங்கிவிட்டது.

ஏற்கெனவே இருப்பதில் வேலை செய்யும்வரை தொல்லை இல்லை. புதிதாக ஒரு மென்பொருளை உள்ளே போட உட்கார்ந்தால்தான் வம்பு வருகிறது. பாதி ஓடி நிற்கும். இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்து என்னமோ சொல்லும். "என்னமோ வந்துச்சுக்கா, பயந்து போயி ஓகேயை அமுக்கிட்டேன், போயிடுச்சு" என்பதுதான் நாங்கள் பயிற்சிகளில் அதிகம் கேட்கிற பதில். என்ன வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கேதான் பாதி வழி அடைபட்டுப் போகிறது. இந்த இதழின் பாடம் அதைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெட்டியில் வருவதைப் பிழைச் செய்தி என்கிறோம். நீங்கள் தப்புப் பண்ணிவிட்டீர்கள் என்று அது திட்டுவதில்லை. எதனால் என்னால் முடியவில்லை என்று கம்ப்யூட்டர் காரணம் சொல்கிறது. அவ்வளவுதான். கூட்டத்துக்கு வராத உறுப்பினர் காரணம் சொல்லி அனுப்பினால் அதைக் கேட்காமலே அபராதம் போடுவோமா? இதுவும் அப்படித்தான்.

உள்ளே கை வைக்கும் முன்பு

எந்த மென்பொருளைப் போடுவதானாலும், எதைச் சரி பண்ணுவதானாலும், முதல் வேலை குழுவின் கணக்குக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுப்பது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால் நம் கூட்டமைப்பிலேயே ஒரு குழுவுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறோம்.

அந்தக் குழுவின் கணக்காளர் வீட்டு லேப்டாப்பில் ஒரு மென்பொருள் ஏறவில்லை. மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு, பஸ் ஏறி டவுனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "ஃபார்மேட் பண்ணிடலாம்மா, புதுசு மாதிரி ஆயிடும்" என்றிருக்கிறார். ஃபார்மேட் என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஃபார்மேட் என்பது வீட்டைப் பெருக்குவது அல்ல. வீட்டில் இருக்கும் சாமான் எல்லாவற்றையும் தூக்கித் தெருவில் போட்டுவிட்டு வெள்ளையடிப்பது. மூன்று வருடக் கணக்கு போய்விட்டது. நல்ல காலம், அந்தக் குழுவில் கைப்பேரேட்டை நிறுத்தவில்லை. பன்னிரண்டு பேரின் பாஸ் புத்தகத்தையும் தீர்மான நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு மாதத்தில் திரும்ப ஏற்றினார்கள். வங்கிக் கடனுக்குத் தர மதிப்பீடு வரும் நேரம் அது. கைக்கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் பன்னிரண்டு பேரின் கடன் தள்ளிப் போயிருக்கும்.

இத்தனைக்கும் மென்பொருள் ஏறாததற்குக் காரணம், சி டிரைவில் இடம் இல்லாததுதான் என்று பிறகு தெரிந்தது.

அதனால் பென் டிரைவில் ஒரு நகல், அந்தப் பென் டிரைவ் வேறொரு உறுப்பினர் வீட்டில். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தால் இடி விழுந்தாலும் வெள்ளம் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

இரண்டாவது வேலை, பெட்டி வந்ததும் எதையும் அமுக்காமல் போனை எடுத்து அதைப் போட்டோ பிடிப்பது. அதில் ஒரு எண் இருந்தால் அதை நோட்டில் எழுதுவது. இங்கிலீஷ் வாசிக்க வராதே என்று கவலைப்பட வேண்டாம். ஸ்மார்ட் போனில் உள்ள கூகுள் லென்ஸை அந்தப் போட்டோவின்மேல் காட்டினால் தமிழில் மாற்றித் தரும். தமிழ் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். ஆனாலும் இடம் போதவில்லை என்கிறதா, அனுமதி இல்லை என்கிறதா என்று புரிந்துவிடும்.

புதுக் கிரைண்டர் மாதிரி

ஒரு மென்பொருளை நிறுவுவதைப் புதுக் கிரைண்டர் வாங்கி வீட்டில் வைப்பதோடு ஒப்பிட்டுச் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. வைக்க இடம் வேண்டும். அதன் பிளக் நம் வீட்டுப் பாயிண்டில் பொருந்த வேண்டும். பெட்டிக்குள் பாகங்கள் முழுசாக வந்திருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். இந்த நாலில் ஏதோ ஒன்று சரியில்லை என்றுதான் பெரும்பாலான பிழைச் செய்திகள் சொல்கின்றன.

எடுத்துக்காட்டாக லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கணக்குப் போடும் கட்டம், கடிதம் எழுதும் பக்கம் எல்லாம் அதில் உண்டு. காசு கொடுக்க வேண்டாம். டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வெளியிடுகிறது. குழுக் கணக்குக்கு இது தாராளமாகப் போதும் என்பது எங்கள் எண்ணம். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாகச் சி.டி.யில் போட்டுத் தருகிறார்கள் சிலர். அதை ஏற்றும்போது "வைரஸ் தடுப்பை அணைச்சுடுங்க" என்பார்கள். திருடன் நாயைக் கட்டிப் போடச் சொல்வது மாதிரி இருக்கிறது இது.

இடம்

லிப்ரே ஆபீஸ் உட்கார ஏறக்குறைய ஒன்றரை ஜி.பி. இடம் வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் மென்பொருள்கள் சி டிரைவில்தான் போய் உட்காரும். டி டிரைவ் காலியாகக் கிடந்தாலும் சி நிறைந்திருந்தால் ஏறாது. "டிஸ்க் ஸ்பேஸ்" என்ற சொற்கள் பெட்டியில் தெரிந்தால் இதுதான் விஷயம்.

சி டிரைவ் எதனால் நிறைகிறது? நாங்கள் பார்த்த வீடுகளில் முதல் காரணம் கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ. திரையிலேயே, கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பில் வைத்திருப்பார்கள். டெஸ்க்டாப்பில் வைப்பதும் சி டிரைவில் வைப்பதும் ஒன்றுதான் என்பது பலருக்குத் தெரியாது. அதை வெட்டி டி டிரைவில் ஒட்டினால் அந்த இடம் காலியாகிவிடும். இன்னொன்று, அழித்த கோப்புகள் ரீசைக்கிள் பின் என்ற குப்பைக் கூடையில்தான் கிடக்கும். கூடையைக் கொட்டினால்தான் இடம் கிடைக்கும். கொட்டும் முன்பு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். நம் வீட்டில் குப்பையோடு சேர்த்து ஸ்பூனைப் போட்டுவிடுகிற மாதிரி, கணக்குக் கோப்பும் அதில் விழுந்திருக்கலாம்.

பிளக் பொருந்துகிறதா

இதுதான் கொஞ்சம் குழப்பமான பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

விண்டோஸில் இரண்டு வகை உண்டு. 32 பிட், 64 பிட். 64 பிட்டுக்காகச் செய்த மென்பொருள் 32 பிட் விண்டோஸில் ஏறாது. மூன்று முள் பிளக்கை இரண்டு ஓட்டைப் பாயிண்டில் செருகப் பார்ப்பது மாதிரி. ஆனால் 32 பிட் மென்பொருள் பெரும்பாலும் 64 பிட் விண்டோஸில் ஓடும்.

பொருந்தாதபோது "திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி" என்று வரும். இந்த மென்பொருள் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது என்று அர்த்தம். லிப்ரே ஆபீஸ் மாதிரியான கோப்பாக இருந்தால் "நாட் சப்போர்ட்டட் பை திஸ் ப்ராசஸர் டைப்" என்று வரும். இரண்டும் சொல்வது ஒன்றுதான்.

நம் கம்ப்யூட்டர் எந்த வகை என்று எப்படிப் பார்ப்பது? திரையில் "திஸ் பிசி" அல்லது "கம்ப்யூட்டர்" என்று இருக்கும் படத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் ஒரு பட்டியல் வரும். கடைசியில் "ப்ராப்பர்டீஸ்" இருக்கும். அதைத் திறந்தால் "சிஸ்டம் டைப்" என்ற வரியில் 32 என்றோ 64 என்றோ போட்டிருக்கும். ரேம் எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்கும். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் கோப்பை இறக்கும்போது 32 பிட் கோப்புக்குப் பல இடங்களில் "எக்ஸ்86" என்று பெயர் போட்டிருப்பார்கள். 64 பிட்டுக்கு "எக்ஸ்64" அல்லது "எக்ஸ்86-64" என்று இருக்கும். 86 பெரிய எண்ணாச்சே, அதுதான் புதுசு, நல்லது என்று எடுத்துவிடுவோம். தனியாக 86 என்று மட்டும் இருந்தால் அது 32 பிட். 64 என்ற எண் எங்கேயாவது இருந்தால் அது 64 பிட். இப்படிப் பெயர் வைத்தவர்கள் நம்மை நினைத்துப் பார்க்கவில்லை, என்ன செய்வது.

பிட் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் விண்டோஸே பழையதாக இருக்கலாம். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அவர்கள் நிறுத்தியதும் மற்ற மென்பொருள் செய்பவர்களும் ஒவ்வொருவராக நிறுத்துகிறார்கள். கூகுள் குரோம் 2023-லிருந்து விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் புதுப் பதிப்பு தருவதில்லை. 109-ஆம் பதிப்புதான் அவற்றுக்குக் கடைசி. லிப்ரே ஆபீஸும் 2025 ஆகஸ்டில் வந்த 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டையும் விட்டுவிட்டது.

அப்படியானால் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடணுமா? வேண்டாம். லிப்ரே ஆபீஸின் பழைய பதிப்புகளை அவர்களே தங்கள் தளத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 25.8-க்கு முந்தைய பதிப்பை, நம் பிட்டுக்குத் தக்கபடி எடுத்துப் போட்டால் கணக்கு வேலை நடக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். கணக்கு எழுத, கடிதம் அடிக்க, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸ் என்ற இன்னொன்றும் போட்டுக் கொடுத்தார்கள். அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்தது. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். தெரியாமல் லினக்ஸுக்குள் போய்விட்டு, விண்டோஸுக்கான கோப்பை எத்தனை தடவை இரட்டைத் தட்டு தட்டினாலும் அது ஏறாது. கோளாறு என்று நினைக்க வேண்டாம். வெளியே வந்து விண்டோஸுக்குள் போங்கள். இல்லையென்றால் லினக்ஸிலேயே கணக்கு எழுதும் மென்பொருள் ஏற்கெனவே இருக்கும், அதையே பழகலாம்.

பெட்டியில் பாகம் குறைந்தால்

நம் ஊரில் இது அதிகம். பெரும்பாலும் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் இறக்குகிறோம். லிப்ரே ஆபீஸ் கோப்பு முந்நூறு எம்.பி.க்கு மேல் வரும். அன்றைய டேட்டா பாதியில் முடியும், அல்லது கரண்ட் போகும், அல்லது போனுக்கு அழைப்பு வந்து லைன் அறுந்து போகும். கோப்பு பாதியில் நிற்கும். அதைத் திறந்தால், பேக்கேஜைத் திறக்க முடியவில்லை என்று 1620 என்ற எண்ணோடு வரலாம். தளத்தில் எத்தனை எம்.பி. என்று போட்டிருக்கிறதோ, அதே அளவு நம்மிடம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். விடிகாலையில் லைன் நன்றாக இருக்கும். சாணி தெளிக்கப் போகும்போது தட்டிவிட்டால் கோலம் போட்டு முடிப்பதற்குள் இறங்கிவிடும்.

இறக்கவே விடாமல், தளம் பாதுகாப்பில்லை, உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று வந்தால் திரையின் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக் கம்ப்யூட்டர்களில் உள்ளே கைக்கடிகார பேட்டரி மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும், கொஞ்சம் பெரிசாக. சிஆர்2032 என்று பெயர். அது தீர்ந்தால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் இணையத் தளங்கள் நம்பாது. பேட்டரி கொஞ்ச விலைதான். மதர்போர்டே போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பும் முன் இதைக் கேளுங்கள்.

வீட்டுக்காரர் சம்மதம்

மென்பொருளைப் போடத் தொடங்கியதும் திரை மங்கி, இந்த மென்பொருள் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். "எஸ்" என்று தட்டுவதற்கு முன், "வெரிஃபைடு பப்ளிஷர்" என்ற இடத்தில் பெயரைப் பாருங்கள். லிப்ரே ஆபீஸ் என்றால் "தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்" என்று இருக்கும். "அன்நோன்" என்று இருந்தால் வெளியிட்டவர் யாரென்று விண்டோஸுக்குத் தெரியவில்லை. நமக்காவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் "நோ".

அந்தப் பெட்டி பாஸ்வேர்டு கேட்டால், கம்ப்யூட்டரில் வேறொருவர் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கிறார் என்று அர்த்தம். மகன் செட் பண்ணியிருந்தால் மகனிடம் கேளுங்கள். ஊகித்து ஊகித்து அடிக்க வேண்டாம்.

நீல நிறத்தில் ஒரு பெட்டி வந்து, விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது என்று சொல்வதும் உண்டு. அதிகம் பேர் பயன்படுத்தாத கோப்பு என்றாலும் இப்படி வரும், கெட்ட கோப்பு என்றாலும் வரும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது? செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து நாமே இறக்கியிருந்தால் யோசித்து மேலே போகலாம். வாட்ஸ்அப்பில் வந்தது, யாரோ பென் டிரைவில் கொடுத்தது என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னும் சில எண்கள்

1618 என்று வந்தால், வேறொரு மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கிறது, அது முடியட்டும் என்று அர்த்தம். அம்மிக்கு ஒருத்தர் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருத்தர் உட்கார முடியாது. கொஞ்சம் பொறுங்கள். அரை மணி கழித்தும் அதே என்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கு" என்பார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஷட் டவுன் கொடுத்தால் பெரும்பாலும் அது முழுசாகத் தூங்குவதில்லை. சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று பாதி நினைவை அப்படியே வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாக எழும். ஆக, கோளாறு என்றால் ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட்.

1603 என்பது பொதுவான எண். நிறுவ முடியவில்லை என்பதற்கு மேல் அது காரணம் சொல்லாது. டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது மாதிரி. ரீஸ்டார்ட் செய்து, இடம் பார்த்து, அதே மென்பொருளின் பழைய பதிப்பு ஏற்கெனவே இருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

சில சமயம் நிறுவுவது நல்லபடியாக முடிந்துவிடும். திறந்தால் மட்டும் "எம்எஸ்விசிபி140 டாட் டிஎல்எல்" காணவில்லை என்று வரும். பல மென்பொருள்களுக்குப் பொதுவாக வேண்டிய ஒரு துணைக் கோப்பு அது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் "விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்" என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் சரியாகும். அந்த ஒரு கோப்பை மட்டும் தனியாகத் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் நிறைய உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தமிழ் அடிப்பதற்கென்று எதையெதையோ இறக்கி அவதிப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 11-ல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். பல வருடத்துக்கு முன் அடித்த கடிதங்களைத் திறந்தால் அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தாகத் தெரிகிறது என்றால் கோப்பு கெட்டுவிடவில்லை. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது அது. அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால் தமிழாகத் தெரியும். அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

போன் நம்பர் வந்தால் அது பிழைச் செய்தியே இல்லை

இதுவரை சொன்னதில் தப்பினால் நேரம்தான் போகும். இனி சொல்வதில் தப்பினால் பணம் போகும்.

மென்பொருள் தேடும்போது திடீரென்று திரை முழுக்க ஒரு எச்சரிக்கை வரும். சில சமயம் சத்தமும் போடும். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லும். மைக்ரோசாஃப்ட் காட்டும் பிழைச் செய்தியில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. அவர்களே அப்படித் தெளிவாக அறிவித்திருக்கிறார்கள். நம்பர் இருந்தால் அது ஏமாற்று. ஆல்ட் விசையையும் எஃப்4 விசையையும் சேர்த்து அமுக்கினால் மூடிக்கொள்ளும். மூடவில்லை என்றால் பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருந்த ஒரு பக்கம் போனால் போகட்டும்.

பிழை எண்ணைக் கூகுளில் போட்டு "உதவி எண்" என்று தேடுவதும் இதே குழிதான். மேலே விளம்பரமாக வரும் நம்பர் யாருடையது என்று நமக்குத் தெரியாது. கூப்பிட்டால் மரியாதையாக, சில சமயம் நல்ல தமிழிலேயே பேசுவார்கள். "எனிடெஸ்க் போடுங்கம்மா, நான் இங்கிருந்தே சரி பண்றேன், அந்த நம்பரை மட்டும் சொல்லுங்க" என்பார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் கெட்ட மென்பொருள்கள் அல்ல. வெளியூரில் இருக்கும் மகள் அதன் வழியாக நம் கம்ப்யூட்டரைச் சரி பண்ணித் தரலாம். ஆனால் அந்த எண்ணைக் கொடுத்து அனுமதியும் கொடுத்தால், வீட்டுச் சாவியைக் கொடுத்ததற்குச் சமம். போனிலும் அதைப் போடச் சொன்னால் நமக்கு வரும் ஓ.டி.பி.யை அவர்களும் பார்ப்பார்கள். குழுப் பணத்தைக் கையாளும் பொருளாளர், ஊக்குநர் வீடுகளில் இதைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இணையக் குற்றப் புகாருக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கை மாறும் முன் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. "வீட்டுல திட்டுவாங்களே" என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். வங்கிக்கும் தகவல் சொல்லிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரின் இணைய இணைப்பையும் துண்டித்துவிடுங்கள்.

கடைக்குப் போக வேண்டி வந்தால்

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போவதில் தப்பில்லை. நல்ல மெக்கானிக்குகள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். பிழைச் செய்தியின் போட்டோ, எண், நம் விண்டோஸ் எது, எத்தனை பிட், சி டிரைவில் எவ்வளவு இடம், இதுவரை என்னென்ன செய்து பார்த்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தாளோடு வருகிறவரிடம் கடைக்காரர் பேசும் விதமே வேறு. நாங்கள் கண்ணால் பார்த்தது இது. ஃபார்மேட் என்ற வார்த்தையைச் சொன்னால், "என் கோப்பெல்லாம் எடுத்து வச்சுட்டீங்களா? எங்கே, திறந்து காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டிய பிறகு சம்மதியுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது: கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உறுப்பினர்கள் விண்டோஸ் பதிப்பு, பிட், ரேம், சி டிரைவில் காலி இடம், அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது ஆகிய ஐந்தையும் எழுதிக் கொண்டு வாருங்கள். பாஸ்வேர்டை எழுத வேண்டாம், யாரிடம் என்பதை மட்டும் எழுதுங்கள். அந்தத் தாளைப் பேரேட்டின் பின் அட்டையில் ஒட்டி வையுங்கள். பென் டிரைவ் நகல் யார் வீட்டில் இருக்கும் என்பதை அன்றே முடிவு செய்து தீர்மான நோட்டில் பதிந்துவிடுங்கள்.

பிரிண்டரை இணைப்பதில் வரும் தொல்லைகளைப் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் எழுதுகிறோம். அதுவரை புதுப் பிரிண்டர் வாங்கியவர்கள், அதன் கையேட்டைப் பார்க்கும் முன் யு.எஸ்.பி. வயரைச் செருக வேண்டாம். பல பிரிண்டர்களில் மென்பொருளை முதலில் போட்டு, அது கேட்கும்போதுதான் வயரைச் செருக வேண்டும்.